நாற்பது நிமிடப் படிப்பு

சமாதான காலத்தில் வவுனியாவில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்தேன். காலையில் பூவரசங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வெளிநாட்டுக்குக் கதைக்க வருபவர்களுக்கு நம்பர் அழுத்திக் கொடுப்பேன். முதலாளி முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம். அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மத்தியானத்தில் ஆட்கள் குறைவு. அந்த நேரத்தில் கடையின் ஒரே இன்டர்நெட் கம்பியூட்டரில் நான் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநராக இருந்தேன்.

கனடாவில் இருந்த தம்பி, சின்னம்மாவின் மகன், காட்டித் தந்த விளையாட்டு அது. அவனுக்கும் அதில் ஓர் அணி இருந்தது. திரையில் பந்தும் தெரியாது, மைதானமும் தெரியாது. பெயர்களும் எண்களும்தான். பள்ளிக்கூடம் முடிக்கும் பெடியன்களைப் பிடித்துக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் எந்தப் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆட்டத்தைக் கம்பியூட்டரே ஆடி முடித்துவிடும்.

முதல் வருடமே ஒரு நெட்டையனைக் கண்டுபிடித்தேன். ஆறடி ஒன்பது அங்குலம். பள்ளிக்கூடப் புள்ளிகள் மோசம் என்பதால் பெரிய கல்லூரிகள் அவனுக்குக் கடிதம் மட்டும் போட்டன. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினால் யார் வருவார்கள்? நேரே போய்ச் சொல்ல வேண்டும். நான் ஐந்து முறை அவன் வீட்டுக்குப் 'போனேன்'. அந்த வருடத்துக்குத் தந்த பயணமெல்லாம் அதிலேயே முடிந்து வேறு யாரையும் பிடிக்க வழியில்லாமல் போனது, ஆனால் அவன் என்னிடம் வந்தான்.

பயிற்சிப் பட்டியலில் படிப்புக்கும் ஒரு வரிசை உண்டு. புள்ளி குறைந்தால் கல்லூரியை விட்டே நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடம் போதும் என்று இதை விளையாடும் மற்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் அவனுக்கு நாற்பது போட்டேன். எனக்குக் கொஞ்சப் புள்ளியில்தான் கம்பஸ் போய்ப் படிக்கும் வாய்ப்புத் தவறியது. பரீட்சை முடிவு வந்த அன்று முழுநாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் கையில் இருக்கும் ஒருவனுக்கு அது நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த வருடம் தோற்றோம், தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம். தம்பி கனடாவிலிருந்து கடைக்கே போன் எடுத்தான்.

"அக்கா, அவனுக்கு ரியூசன் வைச்சுக் கொல்லாதேங்கோ. பந்து எறிய விடுங்கோ."

"நீ உன்ர பெடியளைப் பார்," என்று வைத்துவிட்டேன்.

விளையாட்டின் நாலு வருடம் எங்களுக்கு ஏழெட்டு மாதம். மிச்ச நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளர்த்தேன். பந்து பறிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்ற நிலைக்கு வந்தான். நாலாவது வருடம் இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டோம். ஒரு குறைதான்: எதிராளி தப்பாட்டம் ஆடும்போது கிடைக்கும் இலவச எறிதல் அவனுக்குச் சரிவரவில்லை. தம்பி மறுபடியும் எடுத்தான்.

"இந்த ஒரு கிழமைக்குப் படிப்பை நிப்பாட்டுங்கோ, அக்கா. எறிதலுக்கு விடுங்கோ. கப் உங்களுக்குத்தான்."

அதே கிழமைதான் கடைசிப் பரீட்சையும். அவன் புள்ளியோ விளிம்பில் நின்றது. நாற்பதை அழித்துச் சுழியம் போட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மீதே கோபம் வந்தது. திரும்ப நாற்பது போட்டேன்.

ஒரு புள்ளியால் தோற்றோம். கடைசி இலவச எறிதலைத் தவறவிட்டது அவன்தான். தம்பி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள் வருட முடிவுப் பக்கம் வந்தது. எங்களை வென்ற அணியில் இரண்டு பேர் புள்ளி போதாமல் நிறுத்தப்பட்டிருந்தார்கள். என் நெட்டையனின் பெயருக்கு நேரே பட்டம் பெற்றான் என்று இருந்தது. எழும்பிப் போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு பக்கெட் ரொபி வாங்கி வந்து, போன் கதைக்க நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

"என்ன பிள்ளை, ஆர் பாஸ்?" என்றார் நானா.

"என்ர பெடியன், நானா. கம்பஸ் முடிச்சிட்டான்."

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நானா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொபியை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்றார்.