வராத கேள்வி

எங்கள் மாவட்டத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு பிட் என்று பேர். அவற்றைத் தொகுத்துப் போட்ட புத்தகம் பிட் பேங்க். திருப்பதியில், அரசு வேலைப் பரீட்சைக்குப் பயிற்சி தரும் ஒரு கோச்சிங் சென்டரில் பொது அறிவு பிட் எழுதுவது என் வேலை. கலை, வரலாறு, நாடகம், வியாபாரம், மொழி எல்லாம் என் தலையில்தான். அஜந்தா ஓவியங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவை, உலகின் முதல் பங்குச்சந்தை எந்த ஊரில், கட்டமரான் எந்த மொழிச் சொல். வீட்டில் தமிழ், புத்தகத்தில் தெலுங்கு. இதே பரீட்சையை நான்கு முறை எழுதி நான்கு முறையும் கோட்டை விட்டவன் நான். தேறியவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஆகவே பிட் எழுத என்னைப் போன்றவர்கள்தான் மிஞ்சுகிறோம்.

எங்கள் புத்தகம் கடைக்கு வந்த பத்தாம் நாள் இன்னொரு சென்டரின் அட்டையோடு அதே கேள்விகள் வெளியே வந்துவிடும். ஓனர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மூணு பிட்டுக்கு மட்டும் ஆன்சரைத் தப்பா வெய்யி சார். காப்பி கொட்டறவன் அதையும் சேத்துக் கொட்டுவான், கையும் களவுமா மாட்டுவான். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. பரீட்சையில் எது வரும் என்று ஊரில் ஆயிரம் பேர் சொல்வார்கள், எது வராது என்று அடித்துச் சொல்ல என்னைப் போல் ஆள் கிடையாது என்ற கர்வம் எனக்கு உண்டு. வரவே வராத மூன்றைப் பொறுக்கினேன். ஃப்ரெஸ்கோ ஓவியம் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்படுவது, மரப்பலகை என்று போட்டேன். மால்டா நாட்டு மொழி அரபு சேர்ந்த செமிட்டிக் குடும்பம், லத்தீன் வழி வந்த ரொமான்ஸ் குடும்பம் என்று போட்டேன். புன்ராக்கு என்ற பொம்மை நாடகம் ஜப்பானுடையது, சீனா என்று போட்டேன்.

அந்த வருடம் என் மனைவியும் அதே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தனியார் பள்ளியில் டீச்சர், சமூகப் பாடம். வயது வரம்பு முடிகிறது, அதுதான் கடைசி வாய்ப்பு. தினமும் விடியற்காலையில் எழுந்து, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, என் புத்தகத்தை வரி வரியாகப் படித்தாள். அந்த மூன்றையும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடப் படிக்கும் டீச்சர்களிடம் சொல்லிவிடுவாள், பொறி கெட்டுவிடும் என்று நினைத்தேன். எப்படியும் வராத கேள்விதானே என்றும் நினைத்தேன். இரண்டாவது காரணத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பரீட்சை சித்தூரில் ஒரு காலேஜில் நடந்தது. நானும் கூடப் போய் வாசலில் காத்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கேள்வித்தாளை மடியில் விரித்துக்கொண்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"உங்க புக்குலேர்ந்து நெறைய வந்துச்சுங்க. ஒண்ணு அச்சு அசலா அப்படியே வந்துச்சு. இந்த பொம்மை நாடகம்."

பஸ் புத்தலப்பட்டில் நின்றது.

"எப்பவோ டிவியில பாத்த ஞாபகத்துல ஜப்பானுக்குத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். அப்புறம் உங்க புக்குல சீனான்னு படிச்சது நெனப்பு வந்துச்சு. டிவியை நம்பறதா, உங்களை நம்பறதா? சீனா வட்டத்தை ரொப்பிட்டேன்."

தலை வலிக்கிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். பாகாலா போகும் நாலு பேர் ஏறினார்கள், வண்டி கிளம்பியது. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். திருப்பதி வரும் வரை அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

சில வாரம் கழித்து கீ எனப்படும் விடைப்பட்டியல் வெளியானது. அதில் தப்பிருந்தால் மூன்று நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம், ஆதாரமாக ஏதாவது புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பிட் பேங்க் மேஜைமேல் விரித்திருந்தது. போன் அவள் கையில்.

"கீ போட்டவங்க தப்பு பண்ணிக்கினு இருக்காங்க. ஜப்பானாம். நீங்க எழுதுன பக்கத்தையே ஏத்திடலாம். உங்க படிப்பு என்னான்னு அவங்களும் தெரிஞ்சிக்கட்டும்."

எனக்காக அவள் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கீ சரிதான். நம்ம புக்குலதான் தப்பு. தெரிஞ்சே வெச்சது."

ஓனர் சொன்னது, காப்பி, பொறி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"வராதுன்னு நெனச்சேன்."

அவள் போனை வைத்துவிட்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"மிச்சம் ரெண்டு எது? எதிர் ஊட்டுப் பொண்ணு இந்த புக்கைக் கேட்டுக்கினு இருக்கா. சரி பண்ணிட்டுத்தான் குடுக்கணும்."

பக்கத்தைக் காட்டினேன். மரப்பலகையையும் ரொமான்ஸையும் சீனாவையும் அடித்து, பக்கத்தில் சரியான விடைகளை எழுதினாள். டீச்சர் கையெழுத்து, தெளிவாக இருந்தது.

தேறியவர்கள் லிஸ்ட் வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது. சண்டை போடுவாள் என்று பல நாள் காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே பள்ளியில் இன்னும் வேலை பார்க்கிறாள். நானும் அதே சென்டரில் பிட் எழுதுகிறேன். பொறி வைப்பதில்லை. ஓனர் திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போக இருவரும் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். அடுத்த புத்தூர் பஸ் ஆறரைக்கு என்றேன். தலையாட்டினாள். பிறகு மெதுவாக நகர்ந்துபோய், கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம் புத்தூர் பஸ் எப்போது என்று தெலுங்கில் கேட்டாள். அந்த அம்மாவும் ஆறரைக்கு என்றார். அதன் பிறகுதான் கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.