பாசித் தண்ணீர் குடித்த பூவன்

அமிர்தம் ஜெயித்தவை: இலைக்கருகல் தின்று தீர்த்த தோட்டத்தில் மறுபடி நின்ற பூவன் மரங்கள், வாய்க்கால் தண்ணீரில் ஆண்களுக்கு நடுவே நின்று வாங்கிய தன் முறை, மேலூர்க் குத்தகை, அதுவும் அவள் பெயரிலேயே. தோற்றவை: இடது கையில் இரண்டு விரல் நகம், கொதித்த அண்டா கவிழ்ந்தபோது.

வெயில் ஏறுவதற்கு முன் அவளைப் பார்க்க வேண்டுமானால் வாழைக்குள்தான் தேட வேண்டும். ஒவ்வோர் இலையாக அடிப்பக்கம் திருப்பி, விரல்நுனியால் தடவிப் பார்ப்பாள். மஞ்சள் கோடு ஒன்று தட்டுப்பட்டால் மரத்தோடு பேச்சு நடக்கும். "ஏன்டி, நேத்துதானே குளிப்பாட்டி விட்டேன், அதுக்குள்ள என்ன?" இலையை அறுத்து மடித்து அடுப்பில் போட்ட பிறகுதான் மறுவேலை. உறையூரில் சுருட்டுச் சுற்றும் அவள் அக்கா வேலம்மாள், தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் தோட்டத்துக்கே சோற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அமிர்தம் உட்கார்ந்து சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

புருஷன் ராமர் இறந்த மறுவருஷம் அந்த நோய் வந்தது. இலையில் மஞ்சளாகப் புள்ளி விழும், புள்ளி கோடாக நீளும், கோடு கருகும், கடைசியில் இலை முழுவதும் காய்ந்து தொங்கும். இலை இல்லாத மரத்தில் காய் எங்கே திரளும்? திரளாமலே பழுத்துக் கொட்டியது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் வாழையை அழித்து நெல் வைத்தார்கள்.

கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் ஹபீபுல்லா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க பக்கம் கடல்பாசியத் தென்னை மூட்டுல போடுவோம்மா. மரம் தெம்பா நிக்கும்." அமிர்தம் அடுத்த முறை ஒரு சாக்குப் பாசி கேட்டு வாங்கினாள். மூட்டில் போடவில்லை. நோய் இலையில் இருக்கும்போது மருந்து காலில் எதற்கு என்பது அவள் கணக்கு. பாசியை வேகவைத்து வடிகட்டி, வேப்பங்கொத்தால் இலைமேல் தெளித்தாள்.

நாலு நாளில் இலையோரம் வெந்துபோயிற்று. ஒரு வரிசை மரம் முழுக்கப் போனது. வேறு யாராக இருந்தாலும் சாக்கைக் காவிரியில் விட்டிருப்பார்கள். இவள் மிச்சத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. கடலில் இருந்ததைக் கழுவாமல் போட்டால் கரிக்காமல் என்ன செய்யும்? அன்று முதல் பாசியை வாய்க்காலில் அலசி அலசி, நாக்கில் உப்புத் தட்டாமல் போகிற வரைக்கும் அலசிய பிறகே அடுப்பேற்றுவாள். வடித்த தண்ணீரையும் ருசி பார்க்காமல் ஒரு குடம்கூட தோட்டத்துக்குள் போகாது.

கொழுந்தன் மூக்கனுக்குப் பக்கத்துத் தோட்டம். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சிரிப்பான். "அண்ணி வாழைக்கு மீன்கொழம்பு ஊத்துறாங்க. அடுத்த தார்ல அயிரை காய்க்கும்." வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

இரண்டாம் வருஷம் அவள் இலைகள் பச்சையாக நின்றன. நோயை ஒழித்துவிட்டாள் என்று சொன்னால் அவளுக்கே பிடிக்காது. "ஒழிக்கலக்கா. வாசலுக்கு வெளிய நிறுத்தி வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

அநியாயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தாரை மண்டிக்கு அனுப்பும்போது காம்பில் கத்தியால் அடையாளம் கீறுவது வழக்கம். வீட்டுக்கு ஓர் அடையாளம். ராமர் வீட்டுக்கு மூன்று கோடு. அவர் இறந்ததும் அந்தக் கோடு தம்பியோடு போயிற்று. பெண்பிள்ளைக்கு மண்டியில் அடையாளம் கிடையாதாம். அவள் தாரும் அவன் தாரும் ஒரே வண்டியில் போயின. திரண்ட காயெல்லாம் அவளுடையது. மண்டியில் அதற்குப் பெயர் 'மூக்கன் காய்'.

காந்தி மார்க்கெட்டுக்குப் போன வேலம்மாள் தன் காதாலேயே கேட்டாள். தராசடியில் உட்கார்ந்து மூக்கன், பாசியை எப்படி அலச வேண்டும், எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அந்த அடுப்பில் ஒரு சுள்ளி செருகியவனா அவன்? ஒரு குடம் தூக்கியவனா? கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மேலூர்த் தோட்டம் இரண்டையும் குத்தகைக்கு விட்டிருந்த நிலச் சொந்தக்காரர் காதுக்கும் அது போயிற்று. இத்தனை விவரம் தெரிந்தவனிடமே இரண்டு தோட்டமும் இருக்கட்டும், தையில் குத்தகையை மூக்கன் பேருக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அமிர்தம் கொழுந்தனிடம் தனி அடையாளம் கேட்டாள்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு அடையாளமா? ஊர் சிரிக்கும் அண்ணி. நீங்க காயை வெளைய வையுங்க, பேரை நான் பாத்துக்கறேன்."

மண்டிக்காரர் பாக்கியநாதனிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யார் பேரா இருந்தா என்னம்மா, காய் அதே காய்தானே."

"அப்ப என் பேரா இருந்தாலும் ஒண்ணுமில்லைதானேங்க" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

உறையூருக்கு வந்து அக்காவிடம் கேட்டது ஒன்றுதான். "கோடுன்னா யாரு வேணாலும் கீறிடுவான். என் பேரு எத்தனை எழுத்துக்கா?" ஐந்து என்றாள் வேலம்மாள். ஐந்தாம் வகுப்புப் படித்த கை. ஒரு வாழைமட்டையில் ஊசியால் திருத்தமாகக் கீறிக் காட்டினாள். சற்று நேரத்தில் எழுத்துகள் கருத்துத் தெரிந்தன. அமிர்தம் மட்டை மட்டையாகக் கீறித் தள்ளினாள். புள்ளி வைக்கும் இடத்தில் மட்டும் கை தயங்கியது. "புள்ளின்னாலே பயமா இருக்குக்கா, நோய் வந்த மாதிரி."

பொங்கல் சந்தைக்கு வண்டி போனபோது அவளும் கூடவே நடந்தாள். மண்டி வாசலில் கூட்டம். நிலச் சொந்தக்காரரும் வந்திருந்தார். மூக்கன் விடியுமுன்னே எல்லாத் தாரிலும் மூன்று கோடு கீறி வைத்திருந்தான்.

அமிர்தம் ஒரு தாரை இறக்கித் தன் முன்னால் நிறுத்தினாள். மூன்று கோடும் இருந்த காம்புநுனியை ஒரே வெட்டாக வெட்டினாள். அது உருண்டுபோய் மூக்கன் காலடியில் நின்றது. "அண்ணி" என்றான். அவள் மிச்சக் காம்பைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டு, கத்திமுனையால் ஒவ்வோர் எழுத்தாகக் கீறினாள். தராசு நின்றது. புள்ளிகளையும் விடாமல் வைத்தாள். பால் கசிந்து, ஐந்து எழுத்தும் அத்தனை பேர் கண்ணெதிரே கருத்து எழுந்தன.

அமிர்தம் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 1961 ஜனவரி 11, புதன்கிழமை.