முப்பத்தொரு பேர்

அருமைநாயகத்துக்கு யாராவது நல்லது செய்ய வந்தால் முதலில் சண்டைதான் பிடிப்பான். நாற்பது வருஷமாக அவன் பக்கத்தில் நின்று பேஸ் கிடார் வாசிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தெம்மாங்குக்கு எதற்கு எலெக்ட்ரிக் கிடார் என்று கேட்டவர்களிடம் சண்டை. திருவனந்தபுரத்தில் தமிழ்ப்பாட்டை யார் கேட்பார்கள் என்றவர்களிடம் சண்டை. ஒருமுறை சினிமாவுக்கு அவன் பாட்டைக் கேட்டு ஆள் வந்தது. பாட்டில் வரும் அம்மா தேயிலை பறிக்க வேண்டாம், சும்மா பூ பறிக்கட்டும் என்றார்கள். மரியாதையாக வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பகலில் ஆரியசாலையில் ஒரு கயிற்றுக்கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பான். அதே சந்தில் நான் வக்கீல் குமாஸ்தா. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்த அனந்தபத்மநாபனாகிய நான், தோட்டத்துக்காரனோடு ராக் பாடப் போனதற்கு எங்கள் வீட்டில் நடந்த கூத்தை இங்கே சொல்லப் போவதில்லை.

அருமைநாயகம் பிறந்தது போனக்காட்டு மலையில், தேயிலைக்கு நடுவில். அங்கே காலையில் வேலை தொடங்குமுன் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வராதவருக்காக இன்னொருவர் குரல் கொடுத்தால் அவருக்கும் வேலை போய்விடும்.

அதை வைத்துத்தான் அவனுடைய பெரிய பாட்டு. ஒன்பது நிமிஷம். ஐந்து நிமிஷம் மழை, அட்டைக்கடி, மலைச்சரிவு என்று வரிகள் போகும். கடைசி நாலு நிமிஷம், அவன் அம்மா ஞானப்பூவோடு கொழுந்து பறித்த கூட்டத்தின் பெயர்கள்.

முதல்முதலில் அதைப் பாடியது தோட்டத்துச் சர்ச் அசனத்தில். ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட பந்தலில், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் "இருக்கேன்" என்றது. பாட்டு முடிந்ததும் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி எச்சில் கையோடு மேடையேறினாள்.

"என் பேரு எங்க? இன்னிக்கு நான் வேலைக்கு வரல்லியா?"

முப்பது பெயர் கூப்பிட்டிருந்தான். முப்பத்தொன்றாவதை மறந்துவிட்டான். சண்டை பிடிக்காமல் அவன் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பாடி, கடைசியில் "ரோஸ்" என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் போய்க் கை கழுவினாள். அடுத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். மன்னிப்புக் கேட்டது போதாமல் மாலையும் போட்டான் என்று ரோஸ் இன்றும் சொல்வாள்.

போன மாசம் ஒரு டிவி சேனலிலிருந்து சுபின் வந்தான். மூத்த கலைஞர்களுக்கு விருது, பெரிய அரங்கம், நேரடி ஒளிபரப்பு. பையன் அன்பானவன்தான். ஆனால் அன்பானவர்கள்தான் கத்தரிக்கோலோடு வருகிறார்கள்.

"அங்கிள், பாட்டு ஒம்பது மினிட் உண்டு. நம்ம ஸ்லாட் நாலு. வரியொக்கெ சூப்பராணு. லாஸ்ட்ல வர்ற பேரு லிஸ்ட்டை மட்டும் எடுத்துரலாம். அதொக்கெ ஆருக்குத் தெரியும்?"

சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன். அருமைநாயகம் தாடியைச் சொறிந்துகொண்டு, "சரி, நாலு மினிட்டு" என்றான்.

காப்பி கொண்டுவந்த ரோஸ் தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ என் பேரு ரெண்டாந்தரமும் போச்சு, அல்லே?"

சுபின் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, சினிமாக்காராளை வெரட்டினவன் ஒரு விருதுக்கு மண்டி போட்டுட்டியே. வெக்கமா இல்லையா நோக்கு?"

"எழுதினவன் நான். வெட்டுறதும் நானாக்கும். நீ உன் ஜோலியைப் பாரு, சாமி."

அதன்பின் ஒரு வாரம் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து கோடு கோடாக அடித்துக்கொண்டிருந்தான். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம். ரோஸ் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்றவள், வந்து கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தாள்.

மேடையேறியதும் அருமைநாயகம் என் காதருகில் குனிந்தான். "ஈ மைனர் கார்டைப் பிடி. நான் நிறுத்துறவரைக்கும் அங்கேயே நில்லு." மழை வரி வரும் என்று காத்திருந்தேன். அவன் மைக்கைப் பிடித்து, "ஞானப்பூ" என்றான்.

ஒரு வரிகூடப் பாடவில்லை. மழையை வெட்டியிருந்தான், அட்டையை, மலைச்சரிவை, ஊர் தலையில் வைத்துக் கொண்டாடிய அத்தனை வரியையும் வெட்டியிருந்தான். இவனைப் போய் அப்படிப் பேசிவிட்டேனே என்றிருந்தது.

"திரவியம்." பதில் இல்லை. அந்தக் கொழுந்துக் கூட்டத்தில் பாதிப்பேர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். அவன் காத்திருந்தான். என் பேஸ் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

"மங்கலம்." முன்வரிசையில் ஒருவன் உற்சாகமாக "இருக்கேன்" என்று கத்தினான்.

அருமைநாயகம் கத்தியவன் பக்கம் திரும்பினான். "அது உன் பேரா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்போ மிண்டாதே, வாயை மூடு." திரும்பவும், "மங்கலம்."

ஒவ்வொரு பெயருக்கும் பதில் வரும் அளவுக்கு இடம் விட்டான். பக்கவாட்டில் சுபின் கடிகாரத்தைக் காட்டினான், கை வீசினான், கடைசியில் தலையில் கை வைத்து நின்றான். முப்பதாவது பெயரும் வெறுமையில் போய் முடிந்தது.

"ரோஸ்."

கதவோரத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அறுபது வயசு தாண்டிய குரல், மைக் எதுவும் இல்லாமல், மேடைவரை வந்தது.

"இருக்கேன்."

அருமைநாயகம் கிடாரைக் கழற்றினான். எதிரே ஓடிய டிஜிட்டல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னான்:

"பத்து செகண்டு பாக்கி உண்டு, சுபின். அதை நீ வெட்டிக்கோ."