நத்தை பறந்த சுவர்

விடிந்தும் விடியாத நேரத்தில் குந்தி உட்கார்ந்து, டேலியா இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் பல்செட்டுக்காரர். வலது கையில் சுண்ணம் குழைக்கும் தட்டைக் கரண்டி. இடது கையில் மூடியில் ஓட்டை போட்ட தகர டப்பா. இலைக்கு அடியில் நத்தை ஒன்று சுருண்டு கிடக்கிறது. முதுகில் ஓடு இல்லாமல், வெறும் உடம்போடு அலைகிற வகை. கரண்டி நுனியால் நோகாமல் அதை வழித்தெடுத்து, "வா மாப்ளே, ராத்திரி பூரா விருந்தா?" என்று குசலம் விசாரித்துவிட்டு டப்பாவுக்குள் விடுகிறார்.

பொய்ப்பல் கட்டுவது அவர் தொழில். வாசலை ஒட்டிய அறையில் மெழுகு வாடையும் சுண்ணத் தூசியுமாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். சுற்றுவட்டாரத்தில் கடினமானதைக் கடிக்கிற கிழவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். "நான் கட்டிக் குடுத்த பல்லை வெச்சுக்கிட்டுத்தான் என்னையே கடிக்கிறாங்க" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

சிரிப்பு அடங்கினால் கொல்லைப்புறம்தான் கதி. நீட்டிப் படுத்தால் தலையும் காலும் இடிக்கிற அளவுக்கு ஒரு துண்டு மண். அதில் டேலியா, ஜீனியா, செண்டுப்பூ. நத்தைக்கு எதிராக அவர் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். செடியைச் சுற்றி நொறுக்கிப் போட்ட முட்டை ஓடு. தொட்டி விளிம்பில் செம்புப் பட்டை. கவிழ்த்து வைத்த ஆரஞ்சுத் தோல்கள். குளிர்ச்சிக்காக நத்தைகள் அதற்கடியில் வந்து கூடும், விடிந்ததும் அள்ளிவிடலாம். இதற்கெல்லாம் வெளிவட்டமாக, வேலை முடிந்த பழைய பல் அச்சுகள். வெள்ளை வெளேரென்று ஊர்ப்பட்ட தாடைகள் பூச்செடியைச் சுற்றி இளித்துக்கொண்டிருக்கும். "வர்றவங்க இதைப் பாத்துட்டுச் சுடுகாடுன்னு நினைக்கப் போறாங்க" என்பது அவர் மனைவியின் நிரந்தரக் கவலை.

கடையில் நீலக் குருணை விற்கிறார்கள். ஒரு கை தூவினால் போதும், காலையில் ஒரு நத்தை மிஞ்சாது. அதை மட்டும் வாசற்படி ஏற விடமாட்டார். குழாயடி ஈரத்தில் ஒரு தேரை குடியிருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர் சூப்பர்வைசர். "நத்தை மருந்தைத் தின்னும், நத்தையை இது தின்னும். அப்புறம் சூப்பர்வைசருக்கு யாரு பதில் சொல்றது? அதோட, கொல்றது நமக்கெதுக்குங்க, இடத்தைக் காலி பண்ணச் சொன்னா போதாதா?" என்பார்.

இப்போதெல்லாம் டப்பாவை மூடிக்கொண்டு, தெருவைத் தாண்டி, ரயில் பாதையோரப் புதர் வரைக்கும் நடந்துபோய்க் கொட்டிவிட்டு வருகிறார். முன்பு இந்த நடை கிடையாது. நத்தையைக் கரண்டி நுனியில் ஏற்றி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். அது கொல்லைச் சுவருக்கு மேலே வளைந்து பறந்து அந்தப் பக்கம் போய் விழும். "போய்ப் பொழைச்சுக்கோ!" பல வருஷமாக இதுதான் காலைக் கடமை. சுவர் அவர் தலைக்கு மேல் உயரம். சுவர் எழுப்பிய காலத்தில் அந்தப் பக்கம் காலி மனையாக, செடியும் செங்கல்லுமாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் எட்டிப் பார்த்ததில்லை. "பின்னாடி வீடு வந்தாச்சுன்னு நான் எப்பவோ சொன்னேன். நீங்க எங்க காதுல வாங்குனீங்க?" என்று மனைவி கேட்டபோது, கேட்க வேண்டிய காலம் தாண்டிவிட்டது.

அடுத்த தெருவில் முன்னறையையே கடையாக்கித் துணி தைக்கிற அம்மா ஒருவர். காலர் கிழிந்த சட்டையோடு ஒருநாள் போனபோது, தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தன் கவலையைச் சொன்னார். அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். "கட்டிலை ஜன்னலோரம்தான் போட்டிருக்கேன் அண்ணே. என்ன பிரயோஜனம்? நாள் பூரா பின்பக்கத்துச் சுவத்தையே பாத்துட்டுக் கிடக்காரு. ரெண்டு பூச்செடி வெச்சா அதையாவது பாப்பாருன்னு டேலியா வெச்சேன். மொட்டு விடறதுக்குள்ள நத்தை மொட்டையடிச்சிடுது. எங்கேர்ந்துதான் வந்து குதிக்குதோ!"

பல்செட்டுக்காரருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் சொல்லிக்கொடுத்தார். பத்தாததற்கு ஒரு பை நிறைய பல் அச்சுகளையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா சொன்னபடியே செய்தார். நத்தை குறையவில்லை. மறுமுறை பார்த்தபோது இவர் கடிந்துகொண்டார்: "முட்டை ஓட்டை மாவாப் பொடிச்சுட்டீங்களா? சொன்னது சொன்ன மாதிரி செய்யணும்மா. நம்ம கையில சுத்தம் இருந்தா நத்தை ஏன் வருது?" அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே பாத்துச் செய்றேண்ணே" என்றார். அதை இன்று நினைத்தால் பல்செட்டுக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு ஒரு மழைக்கால மத்தியானம், பல் டாக்டர் சொல்லி அனுப்பியதால், அந்த வேன் டிரைவருக்குப் பல்செட் அளவெடுக்க அவர்கள் வீட்டுக்கே போனார். அளவுப் பசையைத் தட்டில் நிரப்பி டிரைவரின் வாய்க்குள் அழுத்திப் பிடித்தார். அது இறுகும்வரை அசையக் கூடாது. கையை எடுக்க முடியாமல் சும்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தின்னப்பட்ட டேலியாக் குச்சிகள். அவற்றைச் சுற்றி அவர் கொடுத்த தாடைகள். அப்பால் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடி. அங்கே கொடியிலிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை, மழைக்குப் பயந்து ஒரு பெண்மணி அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தாள். சட்டை அவருடையது. பெண்மணி அவர் மனைவி.

தையல்காரம்மா கட்டில்காலில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். "உடம்புதான் போச்சுன்னா இப்பப் புத்தியும் கலங்குதுண்ணே. தினம் விடியக்காலையில, சுவத்துக்கு மேல நத்தை பறந்து வருதுங்கிறாரு. நத்தை எங்கயாவது பறக்குமா? நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கப்போறேன்."

வாய் நிறையப் பசையோடு டிரைவர் சுவரைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். தட்டை வெளியே எடுத்ததும், கோணிய வாயால் குழறினாலும் தெளிவாகவே சொன்னார்: "நெசமாங்க. நான் பாத்தேன். நீங்களாச்சும் நம்புங்க."

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பேசாதீங்க, தாடை அசைஞ்சா பல் சரியா உக்காராது" என்றார் பல்செட்டுக்காரர். அளவெடுத்து முடிந்த பிறகு தாடை அசைந்தால் என்ன, ஆடினால் என்ன? அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாளிலிருந்து சுவருக்கு மேலே எதுவும் பறக்கவில்லை. ரயில் பாதை நடை அன்றுதான் ஆரம்பித்தது. தப்பைத் திருத்திவிட்டோம் என்று கொஞ்ச நாள் தன்னைத் தேற்றிக்கொண்டார். பல்செட்டை எடுத்துக்கொண்டு போனபோது அந்த நிம்மதியும் போயிற்று. தையல்காரம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக, "மாத்திரை நல்லாக் கேக்குதுண்ணே. போட ஆரம்பிச்சதுலேர்ந்து நத்தைப் பேச்சே இல்ல" என்றார். டிரைவரை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. பல்லை மாட்டியதும், கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து, "இப்பல்லாம் விழறதில்ல" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனார். "பாத்தீங்களா, குணமாயிட்டாரு!" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நத்தை நின்றதால் டேலியா மொட்டு வைத்திருந்தது. பார்க்க வேண்டியவர் பகலும் இரவும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"போய்ச் சொல்லித் தொலைங்களேன்" என்கிறாள் மனைவி. "எப்படிச் சொல்றது? ஒம் புருஷனைப் பைத்தியமாக்கினது நாந்தான்னு எப்படிச் சொல்றது?" என்கிறார் இவர். சொல்லவென்று எத்தனையோ தடவை கிளம்பிப் போனார். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, சட்டைப் பொத்தானைத் தானே பிய்த்து எடுத்துக்கொண்டு போவார். பொத்தானைத் தைத்து வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார். இப்போது அவர் சட்டைகளில் வேறு வேறு நிறத்துப் பொத்தான்கள். தூங்குகிற அந்த முகம் மெழுகைத் தொட்டாலும் வருகிறது, சுண்ணத்தைக் குழைத்தாலும் வருகிறது. மெல்லுவதற்குத்தான் பல் கட்டிக்கொடுத்தேன், பேச்சைப் பிடுங்கிவிட்டேனே என்று அவர் மனம் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

இன்று காலையும் டப்பா நிறைந்தாயிற்று. மூடி போட்டுக் கிளம்பப் போனவர் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம். நடுவே தையல்காரம்மாவின் குரல், ஜன்னலைப் பார்த்துக் கெஞ்சுகிறது: "எந்திரிச்சுப் பாருங்களேன். செவப்பு ஒண்ணு பூத்திருக்கு. உங்களுக்காகத்தான வெச்சேன். கண்ணைத் தொறங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்.

பல்செட்டுக்காரர் உள்ளே போய், உட்கார்ந்து வேலை செய்யும் முக்காலியைத் தூக்கிவந்தார். சுவரோரம் போட்டு, டப்பாவும் கரண்டியுமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சுவருக்கு மேலே ஒரு தலை முளைத்ததும் தையல்காரம்மா செம்போடு நிமிர்ந்தார். "அண்ணே! நீங்க எங்க இங்க? இது உங்க வீடா?"

பல்செட்டுக்காரர் டப்பாவைத் திறந்து, கரண்டி நுனியில் நத்தை ஒன்றை ஏற்றி, பழைய மாதிரியே மணிக்கட்டைச் சுண்டினார். அது வளைந்து பறந்து, சிவப்பு டேலியாவுக்குப் பக்கத்தில், அந்த அம்மாவின் காலடி ஈரத்தில் விழுந்தது. தையல்காரம்மா அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் தன்பாட்டுக்கு ஒழுகியது.

பல்செட்டுக்காரர் இறங்கவில்லை. ஜன்னலுக்குள் கிடக்கிறவர் கண் விழித்தால் தெரிகிற மாதிரி, கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.