மூன்று மணிச் சங்கு

ஃப்ளோராவின் வலது கை காற்றாடி மாதிரி சுழலும். சாஃப்ட்பாலில் பந்தைக் கீழிருந்து, இடுப்போரமாகத்தான் வீச வேண்டும். கோலா சிலாங்கூர் தோட்டத்தில் பழகிய அந்தக் கை, மாநிலத்தின் இரண்டாம் அணிக்காகப் பல வருடம் சுழன்றது. முதல் அணியிலிருந்து கடைசிவரை அழைப்பு வரவில்லை. தோள்பட்டை விலகிய பிறகு இரண்டாம் அணியும் கைவிட்டது. ஃப்ளோரா அசரவில்லை. புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு அங்கிருந்த பெண்களைத் திரட்டி ஓர் அணி அமைத்தார்.

போன வருடம் தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில் அந்த அணி இறுதியாட்டம் வரை போனது. எதிரணி பக்கத்துத் தொழிற்சாலை. இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி. எதிரணி அடித்த பந்து நேராக உயரே போய், பிடிப்பாளர் துளசியின் தலைக்கு மேல் இறங்கியது. அந்த நேரம் பார்த்து மூன்று மணிச் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடாவிட்டால் கம்பெனி பஸ் போய்விடும். பல வருடப் பழக்கம். துளசியின் கை தானாகத் தாழ்ந்தது. பந்து தரையில் விழுந்தது. ஆட்டமும் போனது.

இந்த வருடம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுலயும் தோத்தா, ரோட்டோரம் நிக்கிற லோரியெல்லாம் நீங்க வெளையாடுற திடல்ல நிறுத்திடுவோம்."

ஃப்ளோரா சங்கொலியைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். பயிற்சியின்போது பந்து மேலே போனால் போதும், சங்கு அலறும்.

"அக்கா, கனவுலயும் ஊதுதுலா!" என்றாள் துளசி.

"ஊதட்டும். கனவுலயும் பந்தப் புடி."

மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் அதே எதிரணி. ஃப்ளோராவின் அணி ஒரு புள்ளி முன்னிலை. எதிரணியில் இன்னும் ஒருவரை வெளியேற்ற வேண்டும். மட்டையோடு நின்றவள் அவர்களின் பலசாலி விஷாலினி. ஃப்ளோரா கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, பந்து வீசும் கங்காவிடம் போனார்.

"மூணு ஆகப்போவுதுக்கா. சங்கு ஊதி முடியட்டும், அப்பறம் போடவா?" என்றாள் கங்கா.

"ஏன் காத்திருக்கணும்? நமக்குத்தான் காது மரத்துப்போச்சே. அவங்களுக்கும் அதே நேரந்தான் சங்கு, அதே நேரந்தான் பஸ்ஸு. தைரியமா போடு."

கங்காவின் கை சுழலத் தொடங்கியது. சங்கும் ஊதியது. விஷாலினியின் கண் ஒரு நொடி கேட் பக்கம் போய் வந்தது. அதற்குள் பந்து வந்துவிட்டது. தாமதமாகச் சுழன்ற மட்டையின் விளிம்பில் பட்டு, போன வருடம் போலவே நேராக உயரே எழுந்தது.

சங்கு அலறிக்கொண்டே இருந்தது. துளசி அண்ணாந்தபடி நின்றாள். பந்து கையுறைக்குள் விழுந்தது. எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடித்த பிறகும் அவள் கையுறையைத் திறக்கவில்லை.

விஷாலினி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். "என்னாக்கா, சங்கையும் டீம்ல சேத்துட்டீங்களா?"

"போன வருஷம் அது உங்க டீம்ல இருந்துச்சி," என்றார் ஃப்ளோரா.

மறுவாரமும் லோரிகள் சாலையோரத்திலேயே நின்றன.