மைக்கிலும் கோச்சாகவே இருந்துவிட்டேன்

எட்டாவதோடு பள்ளியை விட்ட நான், புதுப்பட்டினத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாஸ்கெட்பால் கோச். மாமல்லபுரத்தில் நடந்த போட்டிக்கு முதன்முறையாக மைக் பிடித்து வர்ணனை செய்யக் கூப்பிட்டார்கள். உளறினால் மறுபடி கூப்பிடமாட்டார்களே என்று காலையிலிருந்து தனியாகப் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் காற்றும் மஞ்சள் வெயிலுமாக ஆட்டம் கனவுபோல நகர்ந்தது. தோற்றுக்கொண்டிருந்த செய்யூர் அணிப் பெண் ஒருத்தி பந்தோடு மூலையில் மாட்டிக்கொண்டாள். என்னையறியாமல், "பின்னாடி ஆள் இருக்கு, பாஸ் குடு!" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன். அவளும் அப்படியே கொடுத்தாள்; வாங்கியவள் வீச, பந்து கூடைக்குள் விழுந்தது. ரெஃப்ரி விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தினார்.

அவ்வளவுதான் என்று மைக்கைக் கீழே வைத்தேன். எதிரணியான செங்கல்பட்டின் கோச், முன்பின் தெரியாத அம்மா, நேரே என்னிடம் வந்தார்.

"இன்னாக்கா, அவங்களுக்கு மட்டும் சொல்லிகினு கீறே? எங்க பொண்ணுங்க இன்னா பாவம் பண்ணுச்சுங்க? அதுங்களுக்கும் ஒண்ணு சொல்லு, சரியாப் பூடும்."

ரெஃப்ரியே சிரித்துவிட்டார். அந்த அம்மா மைக்கை எடுத்து என் கையில் திணித்தார்.

மறுபடி பேசினேன். ஒரு பந்து உயரே எழும்பியது. யார் வீசியது என்றுகூடப் பார்க்காமல், "போகுது, போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதுவரை எங்கள் அணிக்குக் கூடையில் விழணுமே என்ற பயத்தோடுதான் பந்தைப் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு அழகாக மிதக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.