இத்தாலிக் காருக்கு ஒரு கையெழுத்து

ஒரு காரியத்தைத் தொடங்கிவிட்டால் பாதியில் விடுகிற பழக்கம் எங்கள் மாமாவுக்குக் கிடையாது. எனக்கும் அதே ரத்தம்தான் என்பதை ஒன்பது வயதில் நிரூபித்தேன். நிரூபிக்காமல் இருந்திருந்தால் சிலருக்குச் சிரமம் குறைந்திருக்கும்.

மாமா அம்மாவுக்கு இளையவர். தென்காசியில் ஆயில் எஞ்சின் பட்டறை வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. குற்றாலத்தில் ஒரு பங்களாக் கொட்டகையில் கிடந்த பழைய இத்தாலிக் காரை விலைபேசி முடித்து, இரண்டு மாடுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பந்தயத்தில் பறப்பதற்காகச் செய்த வண்டி, தென்காசிக்குள் மாட்டு வேகத்தில் நுழைந்தது.

அந்தக் காரின் வம்சாவளி மாமாவுக்கு மனப்பாடம். முதலில் அதைக் கப்பலில் வரவழைத்தவர் ஆரியங்காவுக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை. சுதந்திரம் வந்ததும் துரை ஊருக்குக் கிளம்ப, வண்டி ஒரு சின்ன ஜமீன்தாரிடம் வந்தது. அது தரையோடு தரையாக இருக்கிற வண்டி. ஜமீன்தார் சுலபமாக உட்கார்ந்துவிடுவார். எழுப்பத்தான் இரண்டு ஆள் வேண்டும். கௌரவத்துக்குச் சரிப்படவில்லை என்று விற்றுவிட்டார். வாங்கிய என்ஜினியர் ஐந்தருவிச் சாலையில் ஒரு புளியமரத்தில் மோதினார். அத்தோடு கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். அவர் காலமானபின் வண்டி ஒரே மகள் பேருக்கு வந்தது. மகள் குற்றாலத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர். அதற்குள் எஞ்சின் மேல் கோழி அடைகாக்க ஆரம்பித்திருந்தது.

மாமா இரண்டு வருஷம் போராடினார். நசுங்கிய முகப்பைப் பாத்திரக்காரர் ஒருவர் தட்டி நிமிர்த்தினார். அதனால் பின்னாளில் வண்டி கிளம்பினாலே பித்தளைக் குடம் உருளுகிற சத்தமும் கூடவே வந்தது. எங்கும் கிடைக்காத ஒரு பல்சக்கரத்தைக் கோயம்புத்தூரில் வார்த்து வாங்கினார். பொருந்தவில்லை. திரும்பப் போனார். அதுவும் பொருந்தவில்லை. மூன்றாவது தடவையும் போனார்.

“ஏலே, இந்தப் பிடிவாதத்துல பாதியப் பொண்ணு பாக்குறதுல காட்டேன்” என்பாள் அம்மா. மாமா தலைநிமிராமல் அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வண்டி உறுமியது. பாக்கி ஒன்றே ஒன்றுதான்: பெயர் மாற்றுகிற படிவத்தில் டாக்டரம்மாவின் கையெழுத்து. அது இல்லாமல் வண்டியை ரோட்டில் விடமாட்டேன் என்றார் மாமா. விடுகிற அன்று முதல் சவாரி எனக்குத்தான் என்றும் சொன்னார். ஆகவே அந்தக் கையெழுத்து என் சொந்தப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவார். ஒரு வாரம், எஞ்சின் எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்பார் டாக்டரம்மா. மறுவாரம் மாமா படிவத்தை மறந்துவிட்டு வருவார். ஒரு திருகாணியைக்கூட மறக்காத மனிதர்! இருவருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்த ஒரு வாரம், பேனாவில் மை இல்லை. ஆஸ்பத்திரி முழுவதும் தேடியும் இன்னொரு பேனா கிடைக்காத அதிசயத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

“அடுத்த வாரம் பாத்துக்கலாமா?”

“அதுக்கென்ன டாக்டர், மெதுவாப் போடுங்க.”

பிறகு இரண்டு மணி நேரம் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவார்கள். நான் பிஸ்கட் தின்பேன். இப்படியே ஆறு மாதம் ஓடியது. பெரியவர்களுக்கு உறுதி போதாது என்ற முடிவுக்கு வந்தேன்.

ஒரு புதன்கிழமை, மாமாவின் மேஜையிலிருந்து படிவத்தை எடுத்துப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகக் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். நோயாளிகள் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

“என்னம்மா செய்யுது? தனியாவா வந்த?”

“ஒண்ணும் செய்யல. இதுல கையெழுத்து வேணும்.”

காகிதத்தைப் பார்த்தார். “மாமா குடுத்து விட்டாகளா?”

“ஆமா.”

“நேர்ல வர முடியலையோ?”

“பட்டறையில வேலை. சட்டுன்னு வாங்கிட்டு வரச் சொன்னாக. இனி அலைய முடியாதாம்.”

கடைசி வாக்கியம் யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. பொய்க்குக் கொஞ்சம் நகாசு வேண்டும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மா ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அன்று பிஸ்கட் கிடையாது.

பட்டறைக்குப் போய்ப் படிவத்தை நீட்டினேன். மாமா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி. ஞாயித்துக்கிழமை வண்டியிலயே போயி டாக்டருக்குக் காட்டிட்டு வருவோம்” என்றார் கடைசியில்.

சாரல் அடித்த அந்த ஞாயிறு, அருவிக்குப் போகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு வழிவிட்டு நின்று எங்களைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. காரில் போகிறவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்சம்மா ஓடி வந்தார். “உங்ககிட்டச் சொல்லலையா அண்ணாச்சி? டாக்டரம்மா நேத்தே நாகர்கோவிலுக்குப் போயிட்டாகளே! மாத்தல் வந்து ஆறு மாசமாச்சு. போகமாட்டேன்னு எழுதி எழுதிப் போட்டாக. இந்தப் புதன்கிழமை திடீர்னு போறேன்னுட்டாக.”

மாமா என் பக்கம் திரும்பினார். “நீ என்னட்டி சொன்ன அவுககிட்ட?”

சொன்னேன், நகாசு உட்பட. மாமா அடிக்கவில்லை. வண்டியைப் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

“ஏட்டி, அன்னைக்கு வந்தது போல பஸ்ஸுல போயிருவல்லா?”

“நீங்க?”

“நாகர்கோவில் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்.”

“நானும் வாரேன் மாமா.”

“இன்னைக்கு வேண்டாம்.”

கண்டக்டரிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, குடம் உருளுகிற சத்தத்தோடு போய்விட்டார். கையெழுத்து வாங்கிக் கொடுத்தவள் நான். அந்த வண்டியில் இருப்பதே இரண்டு ஆசனம். அதிலும் ஒன்றைச் சும்மா காலியாக வைத்துக்கொண்டு என்னைப் பஸ்ஸில் அனுப்புகிறாரே, இது என்ன நியாயம் என்று வழியில் மேலகரம் வருகிறவரை அழுதேன்.